மின்தடை எவ்வளவு?

“சார், மின்தடை எவ்வளவு?” என்று கேட்டது போனில் ஒரு பெண் குரல்.

“ரெண்டு மணி நேரம்மா. பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்” என்றான் ஹலோ.

மின்சார அலுவலகப் புகார்ப் பிரிவில் ஏழு வருடமாகப் போன் எடுக்கும் தற்காலிக ஊழியன் அவன். அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் ‘ஹலோ’தான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

“மணி நேரமா? மின்தடை எப்படி சார் மணி நேரத்துல வரும்?”

“பத்து மணிக்கு மின்தடை வரும்மா, மின்சாரம் போகும். பன்னெண்டு மணிக்கு மின்தடை போகும், மின்சாரம் வரும்.”

“வருமா போகுமா சார்? எனக்கு ஒண்ணுமே புரியலை.”

ஹலோவுக்கும் புரியவில்லை. வேறு நாளாக இருந்தால், ‘மெழுகுவத்தி வாங்கி வைங்க’ என்று சொல்லிவிட்டுப் போனை டொக்கென்று வைத்திருப்பான். அப்படி வைத்து வைத்தே அவன் மேல் மூன்று புகார். புகார் வாங்குகிறவன் மேலேயே புகார்!

காலையில்தான் மேற்பார்வையாளர் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். “தலைமை அலுவலகத்துலேர்ந்து யாராவது பொதுமக்கள் மாதிரி போன் பண்ணிச் சோதிப்பாங்கப்பா. எரிஞ்சு விழுந்தே, சீட்டு கிழிஞ்சிடும். பொறுமையாப் பேசினா இந்தத் தடவை உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லிக் கேக்கறேன்.”

நிரந்தரம்! ‘மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாயிடுச்சா?’ என்று மாமியார் கேட்காத வாரமே கிடையாது. பதில் சொல்லிச் சொல்லி அவன் மனைவிக்கு அலுத்துவிட்டது.

எதற்கும் இருக்கட்டும் என்று போனின் சின்னத் திரையைப் பார்த்தான். தலைமை அலுவலக எண்! சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மா, மேடம் ஆனாள்.

“நிதானமா சொல்லுங்க மேடம், அவசரமே இல்ல. எந்தத் தெரு?”

“தெரு எதுவும் போடலையே சார். வோல்டேஜ் இருநூத்தி முப்பதுன்னு மட்டும் போட்டிருக்கு.”

“வோல்டேஜ் இருக்கா? அப்ப கரண்டும் இருக்கணுமே?”

“இருக்கு சார். அஞ்சு.”

“அஞ்சு வீட்டுலயா?”

“அஞ்சு ஆம்பியர் சார்.”

ஹலோ தலையைச் சொறிந்தான். வோல்டேஜ் இருக்கிறதாம், கரண்டும் இருக்கிறதாம், அப்புறம் எதற்கு மின்தடையைப் பற்றிப் புகார்?

“அப்ப... பவர் வரலையா மேடம்?”

“வரமாட்டேங்குது சார். நானும் எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன். ‘மின்தடை, மின்திறன் ஆகியவற்றைக் கணக்கிடுக’ன்னு கேட்டிருக்கு.”

கணக்கிடுக! அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவள் கேட்பது தெருவுக்கு வரும் மின்தடை இல்லை, பாடப்புத்தகத்தில் வரும் மின்தடை.

ஹலோ டிப்ளமோ படித்ததே எலெக்ட்ரிகல்தான். இந்த ஏழு வருடத்தில் மின்சாரம் எப்போது வரும் என்று கேட்காதவர்கள் இல்லை, மின்சாரத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சோதனைதானே, நடக்கட்டும்!

“ரொம்ப சுலபம் மேடம். கூட்டமான பஸ்ல பின்னாடிலேர்ந்து தள்றாங்க இல்ல, அதான் வோல்டேஜ். உள்ள ஏறிப் போற ஜனம் கரண்ட். படியில நின்னுக்கிட்டு வழி விடாம ஒருத்தன் இருப்பான் பாருங்க, அவன்தான் மின்தடை.”

“அட! அப்ப தள்றதையும் போறதையும் பெருக்கணுமா?”

“பெருக்கினா பவர் மேடம். தடைக்கு வகுக்கணும். வோல்டேஜைக் கரண்டால வகுங்க.”

“அய்யய்யோ, மாத்திப் போட்டுட்டேன் சார்.”

“பரவாயில்ல, அடிச்சுட்டு எழுதுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. ஒரு முறை கரண்டை வோல்டேஜால் வகுத்தாள். இன்னொரு முறை இரண்டையும் கூட்டினாள். பஸ்ஸில் டிரைவர் என்ன ஆவார் என்று சந்தேகம் கேட்டாள். ஹலோ பல்லைக் கடிக்கவில்லை, பெருமூச்சுகூட விடவில்லை. முதலிலிருந்து மூன்று முறை பஸ் ஏறினான்.

“நாப்பத்தாறு சார்!”

“நாப்பத்தாறு ஓம். சபாஷ்! இப்ப பெருக்குங்க.”

“ஆயிரத்து நூத்தம்பது.”

“வாட்னு மறக்காமப் போடுங்க மேடம். அலகு போடலைன்னா மார்க்கைக் குறைச்சிடுவாங்க.”

“ரொம்ப நன்றி சார். இவ்வளவு பொறுமையா எனக்கு யாருமே சொல்லிக் குடுத்ததில்ல. நீங்க இன்ஜினியர்தானே?”

என்னமாய் நடிக்கிறாள் என்று ஹலோ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். “அப்படியே வச்சுக்குங்க மேடம்” என்றான். அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை. “இப்பவாவது சொல்லிடுங்களேன். பாஸ்தானே?”

“அதை அவங்கதானே சார் சொல்லணும்?”

“எவங்க?”

“இன்டர்வியூ நடத்தறவங்க. தலைமை அலுவலகத்துக்கு வந்திருக்கேன் சார். யாரை வேணும்னாலும் கேட்டு எழுதலாம்னு இந்தக் கணக்கைக் குடுத்தாங்க. அதான் வரவேற்பறை போன்லேர்ந்து உங்களைக் கூப்பிட்டேன்.”

“என்ன வேலைக்கு மேடம்?” என்றான் ஹலோ.

“உங்க ஆபீஸ்ல புகார் போன் எடுக்கற வேலைக்குத்தான் சார். இப்ப இருக்கறவருக்குப் பொறுமையே கிடையாதாம், அதான் ஆளை மாத்தறாங்க. நல்ல வேளை, இன்னிக்கு அவர் எடுக்காம நீங்க எடுத்தீங்க!”