பத்துப் போர்டுகளுக்கும் ஒரே துளை

ஈயம் வைக்கும் சூட்டுக்கோல் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பழைய இரும்புக்காரரின் தராசில்தான். அவள் துளை போடும் மிஷின். சர்க்யூட் போர்டுகள் இனி வெளியூரிலிருந்தே துளையோடு வந்துவிடும் என்று பட்டறைக்காரர் அவளைத் தள்ளிவிட்டார்.

அவள் வாய் ஓயாதவள். "ஏங்க, இந்தத் தடிக் கால் இந்தத் துளையில நுழையுமா? வரைஞ்ச மனுஷன் அளந்தாரா, கனாக் கண்டாரா?" என்று கேட்காமல் ஒரு துளையும் போட்டதில்லை.

பதினைந்து நாள் கழித்துப் பத்துப் போர்டுகள் பச்சைப் பட்டுப்போல வந்து இறங்கின. எல்லாம் வாத்து முட்டைகளை அடைகாக்கும் பெட்டிகளுக்கானவை. பட்டறையில் இருந்த ஒரு பெட்டியில் பழைய போர்டு அன்று காலைதான் கருகியிருந்தது. மாலைக்குள் புதியதைப் பொருத்தாவிட்டால் உள்ளே இருக்கும் முப்பது முட்டைகளும் ஆறிப்போகும்.

ஆனால் ஹீட்டர் இணைப்பின் தடித்த கம்பிக் கால் துளைக்குள் போகவில்லை.

"துளை சின்னதுன்னு வழியில ஒருத்தனுக்குமா உறைக்கல?" என்று சூட்டுக்கோல் சீறியது.

"படத்துல இருந்தபடிதான் வந்தோம், அண்ணாச்சி. பத்துப் பேரும் ஒரே அச்சு. மயிரிழை பிசகில்ல" என்றது முதல் போர்டு.

"தப்பும் மயிரிழை பிசகாம வந்திருக்கேடா! கேள்வி கேட்டவளைத் தராசுல ஏத்திட்டு, தலையாட்டுறவனுங்களைப் பஞ்சு வச்சு வரவழைச்சிருக்காங்க!"

"எங்களை யாரும் கேக்கச் சொல்லலையே" என்றது போர்டு பணிவாக.

அந்தப் பணிவில் சூட்டுக்கோலுக்கு நுனிவரை பற்றி எரிந்தது. துளையை உருக்கியாவது விரிக்கப் பார்த்தது, போர்டு கருகியது.

முட்டை ஒன்றுகூடக் குஞ்சு பொரிக்கவில்லை. மீதி ஒன்பது போர்டுகள் அலமாரியில் இருக்கின்றன.