செத்தவன் இல்லாத புதிர்

"ஆமா, இல்லை... இந்த ரெண்டைத் தவிர வேற பதில் என்கிட்டேருந்து வராது. ம், கேளுங்க!" என்று சோபாவின் நடுவில் சாய்ந்துகொண்டார் மூத்த மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கை காய்வதற்குள் அவர் புதிர் போட ஆரம்பித்துவிடுவார். அவருடைய புதிரில் எப்போதும் பூட்டிய அறைக்குள் ஒருவன் செத்துக் கிடப்பான். எப்படிச் செத்தான் என்று மற்றவர்கள் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். யாராவது கண்டுபிடித்துவிட்டால் மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். அதனால் மாமனார் விடை தெரிந்தாலும் தெரியாத மாதிரி தலையைச் சொறிவார்.

"இன்னிக்கு யாரும் சாக வேண்டாம் அத்தான்," என்றாள் கொழுந்தியாள். "ஏற்கெனவே வீடு எழவு வீடு மாதிரிதான் இருக்கு."

உண்மைதான். பெரிய நிறுவனம் ஒன்றில் துணை மேலாளர் வேலை, போக வர கம்பெனி கார் என்று எல்லாம் முடிவாகி, கையில் இருந்த வேலையையும் விட்டுவிட்டு நின்றாள் அவள். போன வாரம் திடீரென்று போன் செய்து, "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

"அதுக்குத்தான் புதிர் போடறேன். மூளையைத் தீட்டிக்கோ. இன்டர்வியூல கொஞ்சம் தெளிவா பேசியிருந்தா..."

"அதெல்லாம் அவ நல்லாத்தான் பேசினா," என்றாள் அவர் மனைவி, ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடி.

"இன்னிக்கு நான் போடறேன். நீங்க கேளுங்க," என்றாள் கொழுந்தியாள்.

"நீயா? உன் புதிர் எனக்கு அஞ்சு நிமிஷம் தாங்காதும்மா!"

அவள் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். "ஒரு ஆளு போன் பேசி முடிச்சான். வச்சிட்டுச் சிரிச்சான். ஏன்?"

"இவ்வளவுதானா?" மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "ஆளு உயிரோட இருக்கானா?"

"ஆமா."

"அப்பாடா, ஒருத்தனாவது பிழைச்சான்," என்றார் மாமனார்.

"சொந்த போன்ல பேசினானா?"

"இல்லை."

"அப்ப... ஆபீஸ் போனா?"

"ஆமா."

மாப்பிள்ளை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிநேகிதன்கிட்ட பேசினானா?"

"இல்லை."

"முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்டயா?"

"ஆமா."

"தன் பேரைச் சொன்னானா?"

"இல்லை."

அவர் தண்ணீர் கேட்டார். முழுச் செம்பையும் குடித்தார். சாதாரணமாக இந்நேரம் நாலு தடவை "அபாரம்டா நீ!" என்று தன்னையே மெச்சிக்கொண்டிருப்பார். இப்போது குரல் தாழ்ந்திருந்தது.

"பேசினது வேற ஒருத்தரைப் பத்தியா?"

"ஆமா."

"ஆம்பளையா?"

"இல்லை."

"அந்தப் பொண்ணு... அவனுக்குச் சொந்தமா?"

"ஆமா," என்றாள் அவள். அதற்கு முன்னால் அவளிடம் இருந்த குறும்பு இந்த ஆமாவில் இல்லை.

"அவ மேல அவனுக்குக் கோபமா?"

"இல்லை."

"கோபம் இல்லேன்னா எதுக்குப்பா போன் பண்ணான்?" என்றார் மாமனார்.

"சும்மா இருங்க மாமா!" என்று சீறினார் மாப்பிள்ளை. அந்த வீட்டில் அவர் மாமனார் மேல் சீறியது அதுதான் முதல் தடவை. பிறகு கொழுந்தியாள் பக்கம் குனிந்தார். "பொறாமைன்னு நினைக்கிறியா நீ?"

"ஆமா."

"ஏன், அவன் சொன்னதுல என்ன தப்பு? ரெண்டு மாசத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டு நீ வெளிநாடு... அதாவது, அந்தப் பொண்ணு வெளிநாடு போறதா இல்லியா?"

"இல்லை."

அக்காவின் கையில் ஆரஞ்சு அப்படியே நின்றது. "என்னங்க உளர்றீங்க?"

அவர் காதில் அது விழவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. "இதெல்லாம் அந்தக் கம்பெனிக்காரங்களே உன்கிட்ட சொன்னாங்களா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "ஆமா."

"அந்த ரிசப்ஷன் பொண்ணுதானே போட்டுக் கொடுத்தா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சொன்னாளே!" மாப்பிள்ளை எழுந்தே விட்டார். "மாமா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. இத்தனை வருஷமா ஸ்கூட்டர்ல வந்து இறங்கறேன். நாளைக்கு இவ கார்ல வந்து இறங்கினா இந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை இருக்கும்?"

மாமனார் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொழுந்தியாள் மடியிலிருந்த போனை எடுத்துக் கீழே வைத்தாள்.

"கம்பெனியிலேருந்து யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை அத்தான்," என்றாள். "உங்க தொல்லை தாங்காம, உங்களைக் கொஞ்சம் சுத்தல்ல விடலாமேன்னு, கதை எதுவும் இல்லாம, ஒண்ணு விட்டு ஒண்ணு ஆமா, இல்லை, ஆமா, இல்லைன்னு மட்டும்தான் சொல்லிட்டு வந்தேன்."