பதினாலாம் நாள் மருந்து

“ஏனுங்க டாக்டர், இதென்ன ஆஸ்பத்திரியா, சத்திரமா? மூணு நாளா எங்கப்பனுக்கு மூச்சு முட்டுது. நீங்க ஃபைலைப் பொரட்டிட்டே இருக்கறீங்க!”

சென்னகிருஷ்ணன் போட்ட சத்தத்தில், அந்தக் கோவை மருத்துவமனையின் ஐசியூ வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பல்லடம் பக்கம் ஐயாயிரம் கோழி வளர்க்கிற பண்ணைக்காரர் அவர். உள்ளே எழுபத்தாறு வயது அப்பா சென்னிமலை, நிமோனியாவோடு வென்டிலேட்டரில் கிடந்தார். பெத்த பிள்ளைக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

டாக்டர் லின்சி குரலை உயர்த்தவில்லை.

“செய்ய வேண்டியதெல்லாம் செய்யறோமுங்க. போன வருஷமே நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் தடுப்பூசி எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் போட்டீங்களா?”

“ஊசியெல்லாம் கைக்கொழந்தைக்குங்க. இத்தனை வயசான மனுசனுக்கு என்னத்துக்கு?”

“வயசானவங்களுக்குத்தான் ரொம்ப அவசியம். அறுபத்தஞ்சு தாண்டினா நிமோனியாவுக்கு, வருஷா வருஷம் ஃப்ளூவுக்கு. ஐம்பது தாண்டின உங்களுக்கே அக்கிக்கு ஒண்ணு இருக்குது. அப்பாவுக்குப் போட்டிருந்தா இந்த அளவுக்கு முத்தாம இருந்திருக்கலாம்.”

“ஓஹோ! பழிய எந்தலையில கட்டறீங்களா? ஊசி விக்கறதுக்கு உங்களுக்கு ஒரு சாக்கு!”

மனைவி பழனியாத்தாள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். வெடுக்கென்று உதறினார்.

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. பண்ணையிலிருந்து வேலையாள் மாசாணம்.

“அண்ணா, இன்னைக்குக் குஞ்சுகளுக்குப் பதினாலாம் நாள் தடுப்பு மருந்துங்க. நீங்க ஆஸ்பத்திரில இருக்கறீங்க. நாளைக்கு, நாளான்னைக்குக் குடுத்துக்கலாங்களா?”

சென்னகிருஷ்ணனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? எத்தனாம் நாள் எந்த மருந்துன்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கறனல்லோ! ஒரு நாள் தப்புனாலும் ஷெட்டே காலியாயிரும். நோவு வந்த பொறகு ஐயோ அம்மான்னு கத்தி என்ன புண்ணியம்? வர்றதுக்கு முந்தியே தடுக்கோணும்!”



பழனியாத்தாள் போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த ஆத்திரத்தோடு சொன்னாள்.

“மாசாணம், இன்னைக்கே மருந்தக் குடுத்துரு சாமி. அந்தக் குஞ்சுகளாவது பொழைக்கட்டும்!”