பாதி விலைக் கோட்டு

முழு விலைக்குத் துணி வாங்குவதை ஒசாக்காவில் யாரும் வெளியே சொல்வதில்லை. என் மனைவி மிசாவோ இன்னும் ஒரு படி மேல். முழு விலை என்று தெரிந்தால் மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அன்று துணிக்கடையில் கோடைத் தள்ளுபடிக் குவியலைக் கிளறிய அவள் கை, புதிதாக வந்திருந்த இலையுதிர்காலக் கோட்டு ஒன்றைத் தடவியது. விலையைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்த வெயில்ல கோட்டு எதுக்கு?"

மறுநாள் ரகசியமாக அதை வாங்கி, "பாதி விலை" என்ற சிவப்புச் சீட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டுபோய் நீட்டினேன்.

"நீங்களா? தக்காளி வாங்கினாலே ஏமாந்துட்டு வர்ற ஆளாச்சே!"

சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டாள். கொளுத்தும் வெயிலில் பக்கத்து வீட்டுக்கே போய்ச் சுற்றிக் காட்டினாள். "பாதி விலை! எங்க வீட்டுக்காரர் புடிச்சது!"

எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்ததும் சீட்டை மெல்ல உரித்தாள்.

"ஏங்க, இது சாயங்காலம் விக்காம மிஞ்சின மீன் பொட்டலத்துல கடைக்காரங்க ஒட்டுற சீட்டு."

மாட்டிக்கொண்டேன். "திருப்பிக் கொடுக்கப் போறியா?"

"எதுக்கு? போன வருஷம் உங்களுக்குப் பாதி விலையில சூட்டு வாங்கிட்டு வந்தேனே, அந்தச் சீட்டை எதுலேர்ந்து உரிச்சேன்னு நெனச்சீங்க?"