சுவருக்கு அந்தப் பக்கம் போன லேபிள்

"டிபன் பையைத் திற."

முதலாளி சாதிக் பாட்சா சொன்னதும் பொன்னுத்தங்கம் தயங்கினாள். அச்சகத்து மெஷின்மேன் சுடலை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

பையில் தூக்குச்சட்டி. அதன் அடியில் சுருட்டி வைத்த தாள். பிரித்துப் பார்த்தால் புது ராக்கெட் பட்டாசு லேபிளின் புரூஃப், அச்சுக்கு முன் பிழை பார்க்கும் தாள். மும்பை பார்ட்டியின் ஆர்டர். சாயங்காலம் அச்சுக்குப் பிளேட் போட வேண்டியது.

"பார்த்தீகளா முதலாளி? நான் சொன்னப்ப நீங்க நம்பலை. நேத்தும் நம்ம லேபிள் ஒண்ணு அங்கன மேஜை மேல விரிச்சுக் கிடந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றார் சுடலை.

அவர் 'அங்கன' என்று காட்டியது நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்.

ஒரே அச்சகமாக இருந்தபோது இங்கிலீஷ் வேலையை அண்ணன் செய்யது அபுதாஹிர் பார்த்தார். மெஷினைத் தம்பி சாதிக் பாட்சா பார்த்தார். மூன்று வருடம் முன்பு பாகம் பிரித்தார்கள். நடுவில் சுவர் எழுந்தது. அன்றோடு பேச்சும் நின்றது.

சிவகாசியில் சீசனுக்கு முன்னால் லேபிள் வெளியே போனால், அதே படத்தை வேறொருவர் அடித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுவார். அப்படிக் கொடுத்தவள் என்று பேர் வந்துவிட்டால் எந்த அச்சகத்திலும் படி ஏற முடியாது. பொன்னுத்தங்கம் நாரணாபுரத்துப் பெண். அவள் வீட்டில் மற்ற எல்லோரும் பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குப் போகிறவர்கள். அவள் ஒருத்திதான் புரூஃப் பார்க்க வந்தவள்.

"எம்புட்டுக் கொடுத்தாக?" என்றார் சாதிக்.

"யாரும் ஒண்ணும் கொடுக்கலை முதலாளி. நான் படத்தைக் காட்டப் போகலை. எழுத்தைக் காட்டப் போனேன்."

"எந்த எழுத்தை?"

"பின்பக்கம் இருக்குற இங்கிலீஷ். எப்படிப் பத்த வைக்கணும், என்ன செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கில்ல, அதை."

சுடலை சிரித்தார். "ராக்கெட் விடுறவன் அதையெல்லாம் படிச்சிட்டுத்தான் விடுறானாக்கும்!"

சாதிக் சிரிக்கவில்லை. பிரிந்த வருடம் ஒரு லோடு முழுசாகத் திரும்பி வந்தது. பட்டாசு கொளுத்தும்போது பெட்டியை மூடி வைக்கவும் என்று வர வேண்டிய இடம். 'குளோஸ்டு' என்பதில் கடைசி எழுத்து விழுந்துபோய் 'குளோஸ்' ஆகிவிட்டது. பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது லேபிள். கம்ப்யூட்டருக்கு இரண்டுமே சரியான வார்த்தைகள். அது ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை.

"அதுக்குத்தானேம்மா உன்னை வேலைக்கு வச்சேன்? நீ வந்த பிறகு ஒரு லோடு திரும்பலையே. நீ பார்த்தாப் பத்தாதா?"

"பத்தாது முதலாளி. கமா, புல்ஸ்டாப்பு, ஸ்பெல்லிங் எல்லாம் பிடிச்சிருவேன். ஸ்கேலை வச்சு வரி வரியா மறைச்சுப் பார்ப்பேன். கடைசி வார்த்தையில இருந்து முன்னால வருவேன். ஆனா ஸ்பெல்லிங் சரியா இருந்து வார்த்தையே மாறியிருந்தா எனக்குப் பிடிபடாது. அம்புட்டு இங்கிலீஷ் நான் படிக்கலை. அதோட, நாலு தடவை பார்த்த தாளை அஞ்சாவது தடவை பார்த்தா கண்ணு ஏமாத்திரும். ஒருத்தர் உரக்கப் படிக்கணும், இன்னொருத்தர் பார்ட்டி எழுதிக் கொடுத்த காப்பியைப் பார்த்துக்கிட்டே வரணும்."

"அங்கன யாரு உனக்குப் படிக்கிறது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெரிய முதலாளி."

அண்ணனா என்பதுபோல் சாதிக் நடுச்சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சோத்துத் தட்டைத் தள்ளி வச்சிட்டு உட்காருவாக. கமா வந்தா 'கமா'ன்னு வாய்விட்டுச் சொல்லுவாக. சந்தேகம் வந்தா டிக்‌ஷனரியை எடுத்துருவாக. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. 'அவன் ரோசக்காரன். நான் பார்த்தேன்னு தெரிஞ்சா தப்போடயே அடிச்சு அனுப்பிருவான்'னாக."

சாதிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, குரலை உயர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இங்கன வேலை பார்க்குற ஒருத்தரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேனா, இல்லையா? யாரைக் கேட்டுப் போன?"

பொன்னுத்தங்கத்துக்குக் கண் கலங்கியது. வேலை போனது போனதுதான் என்று நினைத்தவள், ஏதோ தோன்றியவள் போல நிமிர்ந்தாள்.

"அப்ப சுடலைண்ணே எதுக்கு அங்கன வந்தாக? மேஜை மேல இருந்ததைப் பார்த்தேங்கிறாகளே?"

சுடலை முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

பிறகு தாளைப் பழையபடி சுருட்டி, தூக்குச்சட்டிக்கு அடியில் அவரே வைத்தார்.

"சாப்பாட்டு நேரம் முடியப் போகுது. சீக்கிரம் போயிட்டு வா. சாயங்காலம் பிளேட் போடணும்."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொன்னுத்தங்கம் ஒன்றும் புரியாமல் நின்றாள்.

"என்னைய ஏன் தாயி அப்படிப் பார்க்குற?" சுடலை குரலைத் தாழ்த்தினார். "அங்கன அண்ணன் மெஷின் சத்தம் கொஞ்சம் மாறுனாப் போதும், இந்த மனுசன் சுவத்துல காதை வச்சுக்கிட்டு நிப்பாரு. 'போய் என்னன்னு பாருடா, நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிராதே'ம்பாரு. நான் போய்ச் சரி பண்ணிட்டு வர்ற வரைக்கும் இவருக்கும் இங்கன சோறு இறங்காது."