நேர்வரிசை

காட்டுப்பூனையை எதிர்க்க வாத்துகள் படை திரட்டின. பயிற்சி கொடுக்கச் சேவல் வந்தது.

"வலப்பக்கம் பார்! பக்கத்து வாத்துக்கு ஒரு சிறகு இடைவெளி விடு!"

வலக்கோடியில் நின்ற செம்மூக்கியைத் தவிர எல்லாக் கழுத்தும் வலப்பக்கம் திரும்பின. சேவல் அந்தக் கோடிக்குப் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தது. வரிசை நேராக இருந்தால் அங்கிருந்து முதல் வாத்து மட்டும்தான் தெரிய வேண்டும். இரண்டு அலகுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன வாத்து மாதிரி நிக்கிறீங்க? மறுபடியும்!"

இடக்கோடியில் நின்ற குட்டைவாலைக் காட்டுப்பூனை கவ்விக்கொண்டு போனது.

"அண்ணே, குட்டைவால் என் சிறகுக்குத் தட்டுப்படலையே," என்றது அடுத்த வாத்து, திரும்பாமலே.

"இடைவெளி இருக்கா?"

"நிறைய இருக்கு அண்ணே."

"அப்புறமென்ன? வாயை மூடிட்டு வலப்பக்கம் பார்."

பயிற்சி நீண்டது. வரிசை நேராகிக்கொண்டே வந்தது. காட்டுப்பூனையும் வந்துகொண்டே இருந்தது.

மாலையில் சேவல் பார்த்தபோது செம்மூக்கி மட்டும்தான் தெரிந்தது. வேறு ஓர் அலகுகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. சேவலுக்குப் பெருமையில் கொண்டை சிலிர்த்தது.

"அண்ணே, நான் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டுமா?" என்றது செம்மூக்கி.

"வேண்டாம்," என்றது சேவல். "வரிசை கெட்டுப்போயிடும்."