சாவி யார் கையில்

கிள்ளான் நகரப் பட்டறையின் தகரக்கூரை ஓட்டைகள் வழியே மதிய வெயில் சில்லறையாகச் சிந்துகிறது. மெக்கானிக் தினகரனோடு ஒன்றாகப் படித்த ரேணுகாவின் சிவப்புக் காரில் எஞ்சின் கரகரவென்று சுற்றுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது. "பெட்ரோல் எண்ணெய் ஏறல போல. டேங்குக்குள்ள பம்ப் சிக்கியிருக்கும். கஸ்தூரி, நீ கீழ போய் டேங்கத் தட்டு லா. ரேணு, நீ சாவியத் திருப்பு," என்கிறான் தினகரன். மற்ற நாட்களில் சாவி திருப்புவது அவன் மனைவி கஸ்தூரிதான். இன்று அவள் காருக்கு அடியில் அட்டை விரித்துப் படுத்து, ரப்பர் சுத்தியலால் டேங்கைத் தட்டுகிறாள். மேலே இருவரும் பழைய ஆசிரியர் ஒருவரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தன்னை ஒருநாளும் அவன் 'கஸ்து' என்று சுருக்கியதில்லை. அவள் ஓங்கி அடிக்கிறாள். எஞ்சின் உறுமிப் பிடிக்கிறது. சூடான புகை அவள் முகத்தில் அடிக்கிறது. "பாத்தியா ரேணு, உன் கை பட்டதும் ஸ்டார்ட் ஆயிருச்சு," என்கிறான் தினகரன். கஸ்தூரி இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.